இயந்திரமும் நோய்நாடலும்

மருத்துவரும் இயந்திரம் பழுதுபார்ப்பவரும் தொழிலால் வேறுபட்டவர், நெறியால் ஒன்றுபட்டவர். நோய் இன்னதெனத் தெளியாமல் மருந்து கொடுப்பவர் மருத்துவர் ஆகார். பழுது இன்னதெனத் தெளியாமல் சுத்தியலை எடுப்பவரும் மெக்கானிக் ஆகார். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இவ்வுண்மையை மிகச் சுருங்கிய சொற்களில் உரைக்கிறது. நோயை ஆராய்தல், அது தோன்றிய காரணத்தை ஆராய்தல், அதனைத் தணிக்கும் வழியை ஆராய்தல் என மூன்று ஆராய்ச்சிகளை வரிசைப்படுத்திய பின்னரே வள்ளுவர் செயலைப் பற்றிப் பேசுகிறார். அதற்கடுத்த குறளிலும், நோயுற்றவனின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிப் பார்த்தே செய்ய வேண்டும் என்கிறார்.

இக்குறட்பாக்களுக்கு வகுப்பறையில் பல்லாண்டுகள் உரை கூறியவன் யான். உரையாசிரியர் பலரின் விளக்கங்களையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். எனினும், அவ்வரிசையின் அருமையை முழுவதுமாக உணர்த்தியது ஒரு பழைய மோட்டார் சைக்கிளும், அதன் அருகே அமர்ந்திருந்த ஒரு மெக்கானிக்கின் எண்ணெய்க் கைகளுமே ஆகும். அந்த அனுபவத்தை மாணவர்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்னும் நம்பிக்கையில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சொல் தரும் குறிப்பு

சுழல வேண்டிய இன்ஜின் சுழலாமல் இறுகி நின்றுவிடுவதைப் பட்டறைகளில் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பர். ‘ஜாம் ஆகிவிட்டது’ என்பாரும் உளர். இவற்றினும் எனக்கு மிக உவப்பாக இருப்பது, ‘இன்ஜின் பிடித்துக்கொண்டது’ என்னும் தமிழ் வழக்கே. பிடித்தல் என்னும் வினைக்கு எழுவாயும் செயப்படுபொருளும் வேண்டும். ஆகவே, எது எதைப் பிடித்துக்கொண்டது என்னும் வினா அச்சொல்லின் உள்ளிருந்தே எழுகிறது. அவ்வினாவுக்கு விடை காண்பதே இங்கு நோய்நாடல்.

ஒரே நிலை, பல காரணங்கள்

கிக்கரை மிதித்தால் இறங்கவில்லை. வெளியே தெரியும் அடையாளம் இது ஒன்றுதான். இதற்குரிய காரணங்களோ பல.

முதலாவது, ஓடும்போதே வெப்பத்தால் இறுகுவது. பல வண்டிகளில் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. அதனுள் ஏறியிறங்கும் பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. வெப்பம் ஏறும்போது அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் பருக்கும். அதே சூட்டில் சிலிண்டரின் உள்விட்டம் ஏறக்குறைய 0.08 மில்லிமீட்டர்தான் விரியும். இவ்விரண்டுக்கும் இடையே விடப்பட்டிருக்கும் மெல்லிய இடைவெளியையும், அதில் பரவி நிற்கும் எண்ணெய்ப் படலத்தையும் நம்பியே இன்ஜின் ஓடுகிறது. எண்ணெய் குறைந்தாலும், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையால் சூடு கூடினாலும், அவ்விடைவெளி மறைந்துவிடும். அப்போது அலுமினியம் உராய்ந்து சிலிண்டர் சுவரில் அப்பிக்கொள்ளும். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்ட வேண்டிய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் எண்ணெய் ஊற்ற மறந்தால் நேர்வதும் இதுவே.

இரண்டாவது, ஓடாமல் கிடந்து துருப்பிடித்து இறுகுவது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளும் சிலிண்டரும் இரும்பு இனத்தைச் சேர்ந்தவை. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைக் காட்டிலும் இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே, மிக நுண்ணிய இடைவெளியிலும் துரு ஆப்புப்போல் இறங்கி இரண்டையும் பிணைத்துவிடும்.

மூன்றாவது, ஏதேனும் ஒரு பொருள் உடைந்தோ விழுந்தோ இடையில் சிக்குவது. நான்காவது, பிஸ்டனுக்கு மேலே நீரோ எண்ணெயோ நிரம்பி நிற்பது. காற்றைப் போல் நீர்மம் அமுங்கிக் கொடுக்காதாகையால் பிஸ்டன் மேலே ஏறாது. ஐந்தாவது, கிராங்கின் பேரிங் கெட்டுப்போவது. ஆறாவது, இன்ஜின் நலமாகவே இருக்க, கிக்கரோ கியர்பாக்ஸோ சிக்கிக்கொண்டு பழியை இன்ஜின்மீது சுமத்துவது.

இவற்றுள் சிலவற்றுக்குச் செலவு சில நூறு ரூபாய். சிலவற்றுக்கு இன்ஜினையே பிரித்து அடிவரை புதுப்பிக்க வேண்டும். வெளியே நிற்பவனுக்கோ எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ‘செத்த இன்ஜின்’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடவும் கூடும். அத்தகைய தீர்ப்பு ஒன்று எங்கள் ஊரில் ஒரு வீட்டின் வாசலில் கூறப்பட்டது.

டீச்சரம்மா வீட்டு வண்டி

எங்கள் ஊர் கடலை ஒட்டியது. உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காத ஊர். அங்கே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தனியே வாழ்கிறார். ஊரார் அனைவருக்கும் அவர் டீச்சரம்மா. அவருடைய கணவர் 1980களில் வாங்கிய புல்லட் 350 வண்டி ஒன்று, அவர் மறைந்தபின் ஆறு ஆண்டுகளாகக் கொல்லைப்புறத்துச் சாய்ப்பின்கீழ் நின்றுகொண்டிருந்தது. என் தமக்கை மகன், பழைய வண்டி ஒன்றை வாங்கித் தன் கையாலேயே பிரித்துச் சீர்செய்ய வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டு வந்தான். அவனுக்காகவே அவ்வண்டியைப் பார்க்கச் சென்றேன்.

எங்களுக்கு முன்னரே பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து சென்றிருந்தார். கிக்கர் அசையாமை கண்டு அவர் கூறிச் சென்ற சொற்களை டீச்சரம்மா என்னிடம் அப்படியே ஒப்பித்தார். “ஆயில் இல்லாம ஓட்டி இன்ஜினைக் கொன்னுட்டாங்கம்மா. எடைக்குத்தான் போகும். பன்னிரண்டாயிரம் தர்றேன்.”

விலை குறைவு என்பது அவருக்கு அவ்வளவு வருத்தம் தரவில்லை. “அவர் ஆயில் இல்லாம ஓட்டுற ஆளா தம்பி?” என்றார். உள்ளே சென்று ஒரு நீண்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். கணவரின் கையெழுத்தில் பல ஆண்டுகளின் கணக்கு அதில் இருந்தது: தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய எண்ணெயின் அளவு, செயினுக்குக் கொடுத்த இறுக்கம். இவ்வளவு எழுதி வைத்த மனிதர்மீது, இறந்த பின் ஒரு பழி. அப்பழி மெய்யா பொய்யா என்பது அந்த இன்ஜினுக்குள்ளேதான் இருந்தது.

அவரிடம் நான் ஓர் ஏற்பாட்டைச் சொன்னேன். விலையை இப்போது பேச வேண்டாம். மெக்கானிக்கை அழைத்து வருகிறேன். பார்ப்பதற்கும் பிரிப்பதற்கும் ஆகும் செலவு என்னுடையது. உள்ளே இருப்பதை இருவரும் கண்ட பின்னரே விலை. உடன்பாடு இல்லையேல், பிரித்ததை மாட்டித் திருப்பி ஒப்படைப்பேன். டீச்சரம்மா ஒப்புக்கொண்டார்.

புல்லட்டின் அமைப்பு

சோதனையைப் புரிந்துகொள்ள வண்டியின் அமைப்பைச் சற்றே அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் தோன்றிய இவ்வண்டி, 1955ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் வழியாகத் தமிழ் மண்ணுக்கு உரியதாயிற்று. திருவொற்றியூர் ஆலையில் பிறந்து நாடெங்கும் சென்றது. பழைய புல்லட் 350இன் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். இன்ஜின் ஒரு கூடு, கியர்பாக்ஸ் வேறொரு கூடு. இரண்டையும் இடப்பக்கத்தில் ஒரு செயின் இணைக்கிறது. கிக்கர் இருப்பதோ கியர்பாக்ஸில். காலால் மிதிக்கும் விசை கியர்பாக்ஸில் தொடங்கி, கிளட்ச் வழியாகவும் செயின் வழியாகவும் சென்று, இறுதியாகவே இன்ஜினின் கிராங்கைச் சுழற்றும். இவ்வழியில் எந்த இடம் சிக்கினாலும் கிக்கர் இறங்காது. ஆகவே ‘கிக்கர் இறங்கவில்லை’ என்பதிலிருந்து ‘இன்ஜின் இறுகிவிட்டது’ என்று முடிவு கட்டுதல் அளவை முறைக்கு மாறானது.

கேட்டறிதல்

பேருந்து நிலையத்தின் பின்புறம் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் கருவிப்பையைத் திறப்பதற்குள் என் மருமகன் வண்டிமீது ஏறி நின்றுவிட்டான். “மாமா, ரெண்டு காலாலயும் ஏறி ஒரு மிதி மிதிச்சா விட்டுரும்” என்றான்.

“தம்பி, இறங்குங்க. இன்ஜின் சுத்தாது, கிக்கர்தான் உடையும். இல்லன்னா ராடு வளையும். அப்புறம் எது முன்னாடி கெட்டது, எது நம்ம கெடுத்தது எதுவும் தெரியாது” என்றார் பாய்.

இச்சொற்களை நான் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வலிமையை முதலில் செலுத்துபவன் பொருளைக் கெடுப்பதோடு நில்லாமல் சான்றையும் அழித்துவிடுகிறான்.

பாய் திண்ணையில் அமர்ந்து டீச்சரம்மாவிடம் கேட்கத் தொடங்கினார். கடைசியாக எப்போது ஓடியது? ஓடும்போது நின்றதா, ஓட்டி வந்து நிறுத்தியதா? நிறுத்திய அன்று கிக்கர் இறங்கியதா? அதன்பின் யாரேனும் தொட்டார்களா? கணவருக்கு உடல்நலம் குன்றுவதற்கு முதல் நாள்வரை வண்டி ஓடியது என்றும், அவரே ஓட்டி வந்து நிறுத்தினார் என்றும் டீச்சரம்மா கூறினார். இவ்விடையிலேயே வெப்பத்தால் இறுகியது என்னும் முதற்காரணம் பெரிதும் வலுவிழந்தது. வெப்பத்தால் இறுகும் இன்ஜின் பெரும்பாலும் நடுவழியில் நிற்கும். வீட்டுக்கு ஓடிவந்து நிற்பது அரிது.

தொட்டவர் யார் என்னும் கேள்விக்கு அவர் சற்றுத் தயங்கினார். தெருப்பையன் ஒருவன் ஆசையாக வந்து, ஸ்டார்ட் செய்து பார்ப்பதாகச் சொல்லி எதையோ கழற்றினான் என்றும், பிறகு வரவில்லை என்றும் சொன்னார். பாய் குனிந்து பார்த்தார். ஸ்பார்க் பிளக் இருக்க வேண்டிய இடம் திறந்து கிடந்தது.

“யாருன்னு சொல்ல வேண்டாம்மா. எப்போன்னு மட்டும் சொல்லுங்க.”

“போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி.”

ஆக, இரண்டு வடகிழக்குப் பருவமழைகள் அத்துளை வழியே உள்ளே சென்றிருக்கலாம். சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்றும் பாய் கேட்டுக்கொண்டார். காரணத்தைத் தேடுவது வேறு, குற்றவாளியைத் தேடுவது வேறு என்பதை அன்று கண்ணெதிரே கண்டேன். பையனின் பெயர் தெரிந்திருந்தால் பழுது ஓர் அணுவும் குறைந்திராது. மாதம் தெரிந்ததால் துருவின் வயது தெரிந்தது.

இன்ஜினா, பிறிதொன்றா?

அடுத்து, ஐயங்களை ஒவ்வொன்றாக நீக்கும் பணி தொடங்கியது. பாய் வண்டியை நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்தைச் சுழற்றினார். அது தடையின்றிச் சுழன்றது. பிரேக்கும் பின்செயினும் குற்றமற்றவை என்பது தெளிந்தது. கியரில் போட்டுத் தள்ளினார், வண்டி நகரவில்லை. கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை அழுத்தினார், அப்போதும் இறங்கவில்லை. கிளட்ச் பிரிந்திருந்தால் கிக்கருக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்திருக்கும். கிக்கர் இறங்கியிருக்க வேண்டும். “அப்போ கியர்பாக்ஸும் போச்சா பாய்?” என்று கேட்டேன்.

“அப்படிச் சொல்ல முடியாது சார். வருஷக்கணக்கா நின்ன வண்டியில கிளட்ச் பிளேட்டெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். லீவரைப் பிடிச்சாலும் பிரியாது. சாட்சி பொய் சொல்லுது. சாட்சியைத் தனியா விசாரிக்கணும்.”

இடப்பக்கத்து மூடியைத் தாங்கும் ஒரே நட்டைக் கழற்றி, கிளட்ச் ஸ்பிரிங்குகளை நீக்கி, ஒட்டிக் கிடந்த பிளேட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். இப்போது கிக்கரைக் கையால் அழுத்தினார். அது இறங்கியது. கியர்பாக்ஸ் விடுதலை பெற்றது. பின்னர்க் கிராங்கின் இடமுனையிலுள்ள நட்டில் ஸ்பேனரைப் பொருத்தி மெல்ல அசைத்தார். அசைவே இல்லை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிடிப்பு இன்ஜினுக்குள்ளேதான் என்பது இப்போதுதான் உறுதியாயிற்று.

அசைவின் தன்மையும் ஒரு மொழி என்றார் பாய். ஏதேனும் துண்டு சிக்கியிருந்தால் ஒரு பக்கம் தாராளமாகச் சுழன்று, ஓரிடத்தில் ‘டக்’கென்று நிற்கும். எதிர்ப்பக்கம் திருப்பினால் மீண்டும் அதே துண்டில் வந்து முட்டும். துருவாக இருந்தால் இருபக்கமும் ஒரே மாதிரி மொத்தமாகப் பிடிக்கும். இங்கே இருந்தது மொத்தப் பிடிப்பு.

உள்ளே நோக்குதல்

பிறகு எண்ணெயைக் கேட்டார். ஆம், எண்ணெயும் பேசும். கிராங்க் கேஸின் அடியிலுள்ள போல்ட்டைத் திறந்து, வெள்ளைப் பேசினில் வடித்தார். எண்ணெய் போதிய அளவு இருந்தது. அடியில் மட்டும் பால் கலந்தாற்போல் சற்று வெளுத்திருந்தது. நீர் இறங்கியதன் அடையாளம் அது. வலப்பக்கத்தில் கம்பளித்துணியாலான எண்ணெய் வடிகட்டியை வெளியே எடுத்து, வெயிலில் விரித்துப் பார்த்தார். பேரிங் அல்லது புஷ் தேய்ந்திருந்தால் அதில் பித்தளை நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ பொடி மின்னும். எதுவும் மின்னவில்லை.

“அம்மா, இங்க வந்து பாருங்க. ஆயில் இல்லாம ஓடின வண்டியில இந்தத் துணி இப்படி இருக்காது” என்றார்.

டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அத்துணியை நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பின்னர், சிலிண்டரின் அடிப்பக்கத்திலுள்ள சிறிய மூடியைத் திறந்து, வால்வுகளை இயக்கும் புஷ் ராடுகள் இரண்டையும் விரலால் உருட்டிப் பார்த்தார். இரண்டும் எளிதாக உருண்டன. அதாவது, இரு வால்வுகளும் மூடிய நிலையில் இருந்தன. திறந்திருந்த வழி பிளக் துளை ஒன்றே என்பது உறுதியாயிற்று. ஒரு சைக்கிள் கம்பியைத் துளைக்குள் விட்டு, பிஸ்டன் ஏறத்தாழ நடுவழியில் நிற்கிறது என்று கணித்தார். மருமகன் தன் கைப்பேசியோடு இணையும் ஒரு மெல்லிய கேமராவைக் கொண்டு வந்திருந்தான். அதன் திரையில் பிஸ்டனின் தலைமீது காவி நிறப் பொடி படிந்திருந்தது. அதைச் சூழ்ந்த சுவரில் ஒரு பழுப்பு வளையம் தெரிந்தது. கம்பி சொன்னதும் கேமரா சொன்னதும் ஒத்திருந்தன. பழைய முறையும் புதிய கருவியும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தியது கண்டு இருவருமே மகிழ்ந்தனர்.

நோய் இன்னது, நோயின் முதல் இன்னது என இரண்டும் தெளிந்தன. பிஸ்டன் ரிங்குகளைச் சிலிண்டர் சுவர் பிடித்துக்கொண்டது. பிடிக்கச் செய்தது திறந்த துளை வழியே இறங்கிய மழைநீர். கீழே கிராங்கின் பேரிங்குகளும் நீர்பட்டுத் துருவேறியுள்ளனவா என்னும் ஐயம் மட்டும் எஞ்சியது. “சுத்தின பிறகுதான் அது தெரியும். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாது” என்று பாய் அதைத் தனியே நிறுத்தி வைத்தார்.

காலம் என்னும் மருந்து

டீசலும் இன்ஜின் எண்ணெயும் கலந்து பிளக் துளை வழியே ஊற்றினார். மெல்லிய நீர்மம் நுண்ணிய இடுக்குகளில் தானே ஊர்ந்து செல்லும் இயல்புடையது. எனினும் அதற்குக் காலம் வேண்டும். துளையை மூடி, “நாலு நாள் யாரும் தொடாதீங்க” என்றார். என் மருமகனுக்கு அந்நான்கு நாள்களும் நான்கு மாதங்களாகத் தோன்றின. நாள்தோறும் மாலையில் சென்று, கலவையின் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்த்து வருவதே அவனுக்கு இடப்பட்ட பணி. இரண்டாம் நாள் குறைந்திருந்தது. அவன் ஓடிவந்து சொன்னபோது, “இறங்குதுன்னா வழி கிடைச்சிருக்கு” என்று பாய் சிரித்தார்.

நான்காம் நாள் கிளட்சை மீண்டும் பொருத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டினார். டாப் கியரைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. மற்றக் கியர்களைக் காட்டிலும் அதில்தான் சக்கரத்தின் சுற்றுக்கும் கிராங்கின் சுற்றுக்கும் உள்ள வேறுபாடு குறைவு. ஆகவே சக்கரத்தில் கொடுக்கும் விசை அதிகமாக உள்ளே சென்று சேரும். நெடுநேரம் எதுவும் நிகழவில்லை. பிறகு, ஈர மணலில் செருப்பு தேய்வதுபோல் ஓர் ஒலி எழுந்தது. சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது.

மருமகன் கைதட்டினான். பாயோ உடனே நிறுத்திவிட்டார். வந்த வழியே திருப்பி, மீண்டும் எண்ணெய் விட்டு, மீண்டும் அசைத்தார். அரைமணி நேரத்தில் கிராங்க் முழுச்சுற்று வந்தது. “ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?” என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார். சிலிண்டருக்குள் துருப்பொடி இருக்கும்போது ஓட்டினால் அது உப்புத்தாள்போல் சுவரை அறுத்துவிடும் என்பதே காரணம்.

ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றியபோது, திரையில் கண்ட பழுப்பு வளையம் நேரிலே தெரிந்தது. அவ்விடத்தில் சுவர் சற்றே குழிந்திருந்தது. அலுமினியம் உராய்ந்து அப்பிய தடம் எங்கும் இல்லை. கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். ஆட்டமோ தட்டலோ இல்லை. கிராங்க் ஒலியின்றிச் சுழன்றது. ஐயமாக நிறுத்தி வைத்ததும் இவ்வாறு தீர்ந்தது. சிலிண்டரை லேத் பட்டறையில் ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்குகளும் போட்டால் போதும் என்று முடிவாயிற்று. வார்ப்பிரும்புச் சிலிண்டரின் சிறப்பு இதுதான். கெட்ட தோலைச் சீவி எறிந்துவிட்டு மீண்டும் வாழ இடம் தரும்.

கணக்கு

எஞ்சியது விலை. திண்ணையில் அமர்ந்து ஒரு தாளில் எழுதினோம். அத்தகைய வண்டி ஓடும் நிலையில் எங்கள் வட்டாரத்தில் என்ன விலை போகும் என்பதைப் பாய் சொன்னார்: 80,000 ரூபாய். ரீபோர், பிஸ்டன், வால்வு வேலை, காஸ்கெட், கிளட்ச் பிளேட், டயர், கூலி எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய். எஞ்சியது 53,000 ரூபாய். டீச்சரம்மா பழக்கத்தால் தாளை வாங்கித் தாமே ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அதே தொகையை அவரிடம் கொடுத்தேன்.

நோய்நாடலின் அறப்பயன் இங்கேதான் விளங்குகிறது. பழுது இன்னதென அறியாதவரிடம், அறிந்தவர் எந்த விலையையும் சொல்லிவிட முடியும். விற்பவர் வாங்குபவர் இருவரும் ஒரே உண்மையைப் பார்த்த பின் கூறப்படும் விலையில் மட்டுமே நேர்மை நிற்கும். உள்ளே பாராமல் அளிக்கப்பட்ட தீர்ப்பு, ஒரு மூதாட்டியின் பொருளையும் அவர் கணவரின் பெயரையும் ஒருசேரக் குறைத்துவிட்டிருந்தது. உள்ளே பார்த்ததும் இரண்டும் மீண்டன.

பழைய வண்டி வாங்கும் இளைஞர்க்கு ஒரு குறிப்பும் இங்கே சொல்லத் தகும். உரிமையாளர் மறைந்திருந்தால், வண்டியை முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குரியது 31ஆம் எண் படிவம். பதிவு முடிந்த பழைய வண்டிக்குப் புதுப்பிக்கும் விண்ணப்பம் 25ஆம் எண் படிவம். இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்பதைப் பணம் கொடுக்குமுன் பார்த்துவிட வேண்டும். இதுவும் நோய்நாடலின் ஒரு பகுதியே.

நிறைவாக

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனால் யாது பயன் என்று சிலர் வினவலாம். ஏட்டுச்சுவடி ஒன்றில் பொருள் விளங்காத ஓர் அடி வருகிறது. உடனே சொல்லை மாற்றித் திருத்திவிடுபவன், கிக்கரில் ஏறி நிற்பவனை ஒப்பான். எழுதினோர் பிழையா, ஏடு ஒடிந்ததா, முன்பின் மாறிக் கோக்கப்பட்டதா, வேறு பிரதிகள் என்ன கூறுகின்றன, அன்றி நமக்குத்தான் அச்சொல் தெரியவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்க வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் பல பிரதிகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டதன் பொருள் இதுவே. அவர் செய்ததும் எங்கள் ஊர்ப் பாய் செய்ததும் நெறியால் ஒன்று.

அந்நெறியை இவ்வாறு தொகுத்துச் சொல்லலாம். தொடாமல் கேட்டறியத்தக்கதை முதலில் கேட்க வேண்டும். கழற்றினால் மீண்டும் மாட்டத்தக்கதை அடுத்துக் கழற்ற வேண்டும். மீளாத செயலை இறுதியில் வைக்க வேண்டும். ஒரு சான்று சொன்னதை வேறொரு சான்றால் சரிபார்க்க வேண்டும். தெரியாததைத் தெரியாதது என்றே நிறுத்தி வைக்க வேண்டும். வீட்டிலும் அலுவலகத்திலும் பேச்சற்று இறுகிப்போன மனிதரை நாம் காண்கிறோம். அவரை உதைத்துப் பார்க்கும் அவசரமே நம்மிடம் மிகுந்திருக்கிறது. என்று முதல் இப்படி என்று அருகமர்ந்து கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

வண்டி இப்போது ஓடுகிறது. ஆவணங்களோடு அந்த நீண்ட நோட்டுப் புத்தகத்தையும் டீச்சரம்மா என் மருமகனிடம் கொடுத்தார். ரீபோர் செய்தபின் முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும் அவன் எண்ணெய் மாற்றினான். தேதியையும் அளவையும் அதே புத்தகத்தில், பழைய கையெழுத்து முடிந்த வரிக்கு அடுத்த வரியில் எழுதியிருக்கிறான்.